திருச்சியில் குடும்பம் நடத்த மாதம் எவ்வளவு வேண்டும்?

"முப்பதாயிரம் இருந்தா திருச்சியில ராஜா மாதிரி இருக்கலாம்" என்று சென்னையில் இருப்பவர்கள் சொல்வார்கள். திருச்சியிலேயே ஐம்பதாயிரம் வாங்குகிறவரைக் கேட்டால், ஜூன் மாதம் வீட்டு வளையல் அடகுக்குப் போன கதையைச் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் மனதில் இருப்பது சொந்த வீடு. இரண்டாமவர் வாடகையும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கட்டிக்கொண்டிருப்பவர். அரிசி, பருப்பு, காய்கறிக்கு இரு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே செலவுதான் ஆகும்.

நடுத்தர ஊர் என்றால் எது என்பதற்கு மத்திய அரசிடம் ஓர் அளவு உண்டு. ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்காக ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று பிரித்திருக்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தால் எக்ஸ். 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய். தமிழ்நாட்டில் சென்னை மட்டும் எக்ஸ். கோவை, மதுரை, சேலம், திருப்பூர், ஈரோட்டோடு திருச்சியும் ஒய். 2011 கணக்கெடுப்பில் புறநகரோடு சேர்த்து திருச்சியின் மக்கள்தொகை சுமார் 10.2 லட்சம். அடிப்படைச் சம்பளத்தில் எக்ஸ் ஊருக்கு 30 சதவீதம், ஒய் ஊருக்கு 20 சதவீதம் வாடகைப்படி. ஊருக்கு ஊர் பெரிதாக வேறுபடுவது வாடகைதான் என்று அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று நாடு முறையாகக் கணக்குப் போட்டது 1957இல், 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில். சம்பாதிப்பவர் ஒருவர், கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 0.6 என்று மூன்று நுகர்வு அலகு. அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் குடியிருப்புத் திட்ட அளவில் வாடகை. எரிபொருள், விளக்கு, இதரச் செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். இதில் படிப்பும் வைத்தியமும் தனியாக இல்லை. 1991இல் ரெப்டகாஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, கல்யாணம் எல்லாவற்றுக்குமாகக் குறைந்தபட்சக் கூலியில் 25 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. 2019இல் அறிக்கை வெளியான, தேசியக் குறைந்தபட்சக் கூலிக்கான நிபுணர் குழு, 2018 ஜூலை விலையில் மாதம் 9,750 ரூபாயும் நகரமென்றால் வாடகைக்கு மேலும் 1,430 ரூபாயும் போதும் என்று கணக்குக் காட்டியது. 1,430 ரூபாய்க்குத் திருச்சியில் பைக் நிறுத்த ஒரு ஷெட் கிடைக்கலாம்.

இனி நாமே போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, எட்டாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். வாடகை வீடு, ஒரு பைக், தனியார் மெட்ரிக் பள்ளி. கார் இல்லை, கடன் இல்லை. விலைகள் 2025 நிலவரம்; ஏரியாவைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

வாடகை, அட்வான்ஸ், ஈபி

தில்லைநகரில் இரண்டு பெட்ரூம் வீடு 15,000த்துக்குக் கீழே பார்ப்பது கடினம். ஸ்ரீரங்கம், கே.கே.நகர், கருமண்டபம் பக்கம் 10,000 முதல் 14,000 வரை. எடமலைப்பட்டிபுதூர், அரியமங்கலம், திருவெறும்பூர் என்று வெளியே போகப் போக 7,000, 8,000க்கு இறங்கும். மத்தியப் பேருந்து நிலையத்தின் வேலையில் பெரும்பகுதி 2025இல் பஞ்சப்பூருக்குப் போனதால் அந்தப் பக்கத்து வாடகையைப் பழைய கணக்கில் பார்க்க முடியாது. நம் குடும்பத்துக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். மெயின்டனன்ஸ், குடிதண்ணீர் கேன் 600.

சம்பளக் கணக்கில் யாரும் சேர்க்காதது குடிபுகும் செலவு. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸுக்கு அளவாகச் சொல்கிறது. நடப்பில் ஐந்து மாதம் கேட்பது சாதாரணம், பத்து கேட்பவர்களும் உண்டு. ஐந்து மாதம் என்றால் 50,000, புரோக்கருக்கு ஒரு மாதம், முதல் மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்க 8,000. பால் காய்ச்சுவதற்குள் கையிலிருந்து 78,000 போய்விடும். காலி செய்யும்போது பெயிண்ட் செலவென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

மின்சாரத்தில் நுணுக்கம் அதிகம். இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ஆகிவிடும்; 500க்கு மேல் போகும் யூனிட்டுக்கு 8.40. ஆக 600 யூனிட்டுக்கு 2,880. கடைசி 100 யூனிட்டுக்கு மட்டும் 1,075 ரூபாய் கூடுகிறது. திருச்சி வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடினால் இந்த எல்லையைத் தாண்டுவது நிச்சயம். மற்ற மாதங்களில் 360 யூனிட், கோடையைத் தொடும் இரண்டு பில்களில் மட்டும் 600 என்று வைத்தால், ஆண்டுக்கு 9,700 ரூபாய், மாதம் 800.

இது தனி இணைப்பு இருக்கிற வீட்டுக்கு. மாடி போர்ஷனுக்குச் சப்-மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வீட்டுக்காரர் வசூலித்தால், 987 ரூபாய் வர வேண்டிய 360 யூனிட்டுக்கு 2,880 கொடுக்க வேண்டும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 950 ரூபாய் கூடுதல் வாடகை கொடுப்பதற்குச் சமம். 9,500 ரூபாய் சப்-மீட்டர் வீட்டைவிட 10,000 ரூபாய் தனி இணைப்பு வீடு மலிவு. வீடு பார்க்கப் போகும்போது மாடிப்படிக்கு அடியில் எத்தனை ஈபி மீட்டர் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாடகை பேசுவது நல்லது.

அடுப்படி

உணவு விஷயத்தில் திருச்சிக்குச் சில வசதிகள் உண்டு. காந்தி மார்க்கெட் ஊருக்குள்ளேயே இருக்கிறது, தென்னூரிலும் கே.கே.நகரிலும் உழவர் சந்தை இருக்கிறது. சின்ன வெங்காயம் பக்கத்திலிருக்கும் பெரம்பலூரிலிருந்தும், வாழைப்பழம் தொட்டியம், லால்குடி பக்கமிருந்தும் வருவதால் அவற்றுக்கு அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குள் பையோடு போகிறவருக்குத்தான் இந்த லாபம். மாலையில் தெருமுனைக் கடையில் வாங்கினால் சென்னை விலைதான்.

நான்கு பேர் அரிசி அட்டைக்கு ரேஷனில் 20 கிலோ அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், இரண்டு கிலோ சர்க்கரை கிலோ 25 ரூபாய். நடுத்தரக் குடும்பங்களில் ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்குப் போகும், சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குவார்கள். அந்தப் பொன்னி மூட்டை முன்பு 25 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல பொன்னி மூட்டை 1,500 ரூபாய்க்கு ஒன்றரை மாதம் வரும். ஆக மாதம் 1,000.

சோப்பு, துணி பவுடர் சேர்த்து மளிகை 4,500. ஆவின் பச்சைப் பாக்கெட் அரை லிட்டர் 22 ரூபாய். தினம் இரண்டு வாங்கினால் 1,320. காய்கறி, பழம் நாளுக்கு 100 என்று 3,000. ஞாயிறு கோழி, மாதத்தில் ஒருநாள் அரைக்கிலோ ஆட்டுக்கறி, ஒருநாள் மீன், முட்டை எல்லாம் 2,100. கேஸ் சிலிண்டர் 900 ரூபாய்க்கு நாற்பது நாள் வந்தால் மாதம் 700. வெளிச் சாப்பாடு, டீ, பிள்ளைகள் கேட்கும் பரோட்டா 1,200. மொத்தம் 13,820. இதில் 2,000 ரூபாய் குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் தட்டில் தெரியும்.

பள்ளிக்கூடம்

நடுத்தர மெட்ரிக் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 35,000 என்று வைத்தால் இரண்டு பேருக்கு 70,000. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2009 சட்டப்படி ஒரு குழு வரம்பு நிர்ணயிக்கிறது. ரசீதுக்கு உள்ளே வருவதற்குத்தான் வரம்பு. புத்தகம், சீருடை, ஷூ, பை என்று தலைக்கு 8,000 தனி. வேன் மாதம் 1,000 வீதம் பத்து மாதம், இரண்டு பிள்ளைக்கு 20,000. ஆக வருடத்துக்கு 1,06,000, மாதத்துக்கு 8,830. பெரியவனுக்கு டியூஷன் 800. சேர்த்து 9,630.

அரசுப் பள்ளியென்றால் புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் இலவசம். தொடக்க வகுப்புகளில் காலை உணவும் உண்டு. நோட்டு, டியூஷன் சேர்த்தால் மாதம் 1,500க்குள் முடிந்துவிடும். இந்த முடிவின் பலன் பிளஸ் டூவுக்கு அப்புறமும் தொடரும். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய். ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போது இதைக் கணக்கில் எடுக்கும் குடும்பங்கள் குறைவு.

மற்றதை வேகமாகப் பார்த்துவிடலாம். தினம் 20 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 1,200. சர்வீஸ், இன்ஷூரன்ஸ் 500. ஆட்டோ, பஸ் 500. மனைவி சாதாரண டவுன் பஸ்ஸில் போனால் 2021 மே முதல் கட்டணம் இல்லை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய மிச்சம். போன் ரீசார்ஜ் 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை. இரண்டு போனும் வீட்டு இணையமும் சேர்த்து 1,350. மாத்திரை, டாக்டர் 1,000. ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குடும்ப மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 18,000, மாதம் 1,500. தீபாவளி, பொங்கல் துணிமணி 22,000, மொய் 15,000, ஊருக்கும் கோயிலுக்கும் போய்வர 8,000, வீட்டுச் சாமான் ரிப்பேர் 6,000. வருடத்துக்கு 51,000, மாதம் 4,250. முடிவெட்டு, பூ, பேப்பர் என்று சில்லறை 1,000.

கூட்டினால் 46,150. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்புவதும் சேமிப்பும் இதில் சேரவில்லை. அதையும் சேர்த்தால் 53,000, 54,000 வரும். தேசியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டு நகர்ப்புறச் செலவு 2023-24இல் ஆளுக்கு மாதம் 8,165 ரூபாய்; நான்கு பேருக்கு 32,660. நம் கணக்கு ஏன் இவ்வளவு கூடுதல்? அது சராசரி, வாடகையே கொடுக்காத சொந்த வீட்டுக்காரர்களும், பள்ளிக் கட்டணமே கட்டாதவர்களும் அதில் அடக்கம்.

ஜூன் மாதம் ஏன் இடிக்கிறது

இந்த 46,150 மாதாமாதம் சமமாகச் செலவாவதில்லை. பள்ளிக் கட்டணம் 70,000, புத்தகம் சீருடை 16,000, காப்பீடு 18,000, வண்டி 6,000, பண்டிகை முதலான 51,000: ஆக 1,61,000 ரூபாய் வருடத்தில் சில தேதிகளில் மொத்தமாக வந்து நிற்கும். மாதத்துக்கு 13,400. அதைக் கழித்தால் அன்றாடம் கண்ணில் படும் செலவு 32,700தான்.

அதனால்தான் 35,000 வாங்குகிறவருக்குப் பிப்ரவரியில் கையில் இரண்டாயிரம் மிஞ்சி, சம்பளம் போதும் என்று தோன்றுகிறது. ஜூனில் பள்ளித் திறப்புக்கு 80,000 தேவைப்படும்போது நகை அடகுக்குப் போகிறது. அடகுக்கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 1,600. பத்து மாதத்தில் மீட்டால் வட்டி மட்டும் 16,000. வங்கி நகைக்கடனில் ஆண்டுக்கு 9.5 சதவீதமென்றால் அதே பத்து மாதத்துக்கு 6,300 ரூபாய்தான். மீட்டு இரண்டு மாதம் பீரோவில் இருந்த நகை அடுத்த ஜூனில் மறுபடி போகும். பட்ஜெட்டில் எங்கும் எழுதாத செலவு இந்த வட்டி.

இதற்கு ஏலச்சீட்டு போடுகிறவர்கள் பலர். பதிவு செய்த சீட்டில் நிறுவனம் 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கலாம். மே கடைசியில் எடுக்க நினைத்து, அதே மாதம் எல்லோரும் கேட்பதால் அதிகத் தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு எடுப்பதில் போகும் பணம் தனி. தெருவில் பிடிக்கிற பதியாத சீட்டில் ஆள் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. தபால் அலுவலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஐந்து வருடத்துக்கு. அதற்கு முன் எடுப்பது சிரமம். ஒரு வருடத் தேவைக்கு வங்கி ஆர்.டி.யே பொருந்தும். ஜூனில் தொடங்கினால் அடுத்த ஜூனில் கைக்கு வரும்.

வீடும் பள்ளியும் மாறினால்

அதே குடும்பம், அதே சமையல். வீடு சொந்தம், பிள்ளைகள் அரசுப் பள்ளி என்று மட்டும் மாற்றுவோம். வாடகை 10,000 போய் வீட்டு வரி, தண்ணீர் வரிக்கு 500 வரும். படிப்பு 9,630இலிருந்து 1,500 ஆகும். மொத்தம் 28,500. "முப்பதாயிரம் போதும்" என்றவர் இந்த வீட்டைத்தான் சொன்னார். பிள்ளைகள் மெட்ரிக்கிலேயே இருந்து, வாடகைக்குப் பதில் 25 லட்சம் வீட்டுக்கடன் என்றால், 8.5 சதவீதத்தில் இருபது வருடத்துக்குத் தவணை 21,700. அப்போது 58,350. இரண்டுக்கும் நடுவே 30,000 ரூபாய் வித்தியாசம். பருப்பு விலை ஏறினால் நூறு, இருநூறு கூடும். அதைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வருமானத்தில் 21,000 ரூபாய் என்பது ஒரு வாசற்படி. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட, முதலாளி 3.25 சதவீதம் கட்ட, குடும்பத்துக்கே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வைத்தியம். அதைத் தாண்டினால், நடப்பு அரையாண்டோடு சந்தா நின்று, சில மாதங்களில் வைத்தியமும் நின்றுவிடும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம்; மாதத்துக்கு வகுத்தால் 20,833. ஆக இரண்டும் ஒரே இடத்தில் கழன்றுவிடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்போ ஆண்டுக்கு 1.2 லட்சம், அது முன்னமே போயிருக்கும். 20,500இலிருந்து 22,500க்குச் சம்பளம் ஏறியவர், மாதம் 1,500 ரூபாய்க்குக் காப்பீடு வாங்கி, 1,000 ரூபாய் உதவித்தொகையையும் இழந்தால், ஏறியதைவிடப் போனது அதிகம். துவாக்குடி, அரியமங்கலம் பட்டறைகளில் வெல்டர், ஃபிட்டர் வேலை பார்ப்பவர்கள் பலர் இந்த வாசற்படியில்தான் நிற்கிறார்கள்.

46,000 கையில் வர, ஆஃபர் லெட்டரில் எவ்வளவு இருக்க வேண்டும்? சி.டி.சி., அதாவது கம்பெனி நமக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 6 லட்சம் என்றால் மாதம் 50,000. அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டி 1,200, நம் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி 200 போனால் 45,000; ஆக ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். வருமான வரி இந்த அளவில் இல்லை. பி.எஃப். முழு அடிப்படைச் சம்பளத்துக்குப் பிடித்தால் கைக்கு வருவது இன்னும் குறையும். அரசு வேலையில் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளருக்கு அடிப்படை 19,500. 2025இன் 58 சதவீத அகவிலைப்படியோடு 30,800, மேலே கொஞ்சம் வாடகைப்படி. நம் குடும்பத்தை அந்த ஒரு சம்பளத்தில் நடத்த முடியாது, இரண்டாவது சம்பளம் வேண்டும்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் தடுமாறுவதும் அந்த இரண்டாவது சம்பளத்தில்தான். வேளச்சேரியில் இதே வீடு 20,000, 22,000 என்றால் வாடகையில் 10,000 முதல் 12,000 வரை மிஞ்சும்; போக்குவரத்தில் ஓர் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. மளிகை, கேஸ், போன், காப்பீடு, பள்ளிப் புத்தகம் எதிலும் பெரிய மாற்றமில்லை. 60,000 வாங்கியவர் 48,000க்கு இங்கே வந்தால் அவர் சம்பளத்தில் குறைந்ததும் செலவில் மிஞ்சியதும் சரிக்குச் சரி. ஆனால் மனைவிக்கு அங்கே 25,000 ரூபாய் வேலை இருந்து, இங்கே அதே கணக்காளர் வேலைக்கு 14,000தான் தருகிறார்கள் என்றால், மாதம் 11,000 துண்டு விழும்.